வால்வைத் திறக்கும் கை

சேலம் அம்மாபேட்டையில் நான் வளர்ந்த தெருவின் முனையில், சாலைக்கு நடுவே ஓர் இரும்பு மூடி இருந்தது. அதற்குக் கீழே குடிநீர்க் குழாயின் வால்வு. மூன்று நாளைக்கோ நான்கு நாளைக்கோ ஒருமுறை, பெரும்பாலும் விடிவதற்கு முன், ஒருவர் சைக்கிளில் வருவார்; மூடியைப் புரட்டிவிட்டு, குறுக்கே கைப்பிடி வைத்த இடுப்புயரச் சாவி ஒன்றை உள்ளே செருகித் திருகுவார். முனைக்கு ஓடிப்போய் அந்தச் சுற்றுகளை எண்ணிக்கொண்டு வருவது சிறுவனான என் வேலை. பதினாறு சுற்று என்றால் கடைக்கோடியில் இருந்த எங்கள் பகுதிக் குழாய் வரை தண்ணீர் ஏறும். பத்தோடு நிறுத்திவிட்டால் நடுத்தெருவைத் தாண்டாது. ஏன் குறைத்தீர்கள் என்று யாராவது கேட்டால், "மேல சொல்றதத்தானுங்க்கா நான் செய்யறேன்" என்பார். அந்த "மேல" எங்கே இருக்கிறது, அங்கே போய் யாரிடம் கேட்பது என்பது தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

தெருக்குழாய்த் தண்ணீருக்குக் காசு கிடையாது. ஆனாலும் அது இலவசமாக எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. அப்பா குழித்தறியில் நெய்பவர். அவருக்குத் தார், அதாவது தறியில் ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூல்குழல், சுற்றிக் கொடுப்பது அம்மா. தண்ணீர் வரும் நாளில் அம்மா குழாயடியில் நிற்பார், ராட்டை சும்மா கிடக்கும். ஊடைக்குத் தார் இல்லாமல் நாடா நின்றுவிடும். அப்பா வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வார். அந்த அரை நாளில் நெய்யாமல் போன முழங்கள்தான் எங்கள் எட்டுக் குடத் தண்ணீரின் விலை. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அது ஏறியதில்லை. குடிநீர் எல்லோருக்கும் கட்டுபடியாகும் விலையில் கிடைக்க வேண்டும் என்று இன்று உலக அமைப்புகள் எழுதும் போதெல்லாம், நான் முதலில் அந்த நின்றுபோன தறியைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அரசியல் தாராளவாதத்தையும் குடிநீரையும் சேர்த்து எழுத உட்கார்ந்தபோது முதலில் இடறியது இந்தத் "தாராளம்" என்ற சொல்லே. 1991க்குப் பிறகு நமக்குப் பழகிய தாராளமயம் சந்தையைத் திறந்துவிடுவதைக் குறிக்கிறது. நான் சொல்ல வரும் தாராளவாதம் அதற்கு மிகவும் மூத்தது: ஆள்பவரின் அதிகாரத்துக்குச் சட்டத்தால் எல்லை கட்டுவது, பிறப்பைப் பார்க்காமல் ஒவ்வொருவரையும் உரிமையுள்ள தனிமனிதராகக் கொள்வது, ஆளப்படுபவர் கேள்வி கேட்கவும் ஆள்பவரை மாற்றவும் வழி வைப்பது. விருந்தாளியிடம் "தாராளமா எடுத்துக்கங்க" என்று நாம் சொல்லும் தாராளத்துக்கும் இந்த இரண்டுக்கும் ஒட்டுறவு குறைவு. குழாயடியிலோ அந்தச் சொல்லையே யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இந்த அரசியல் வளர்ந்த இங்கிலாந்திலேயே தண்ணீர் அதற்கு ஒரு சங்கடமான சோதனையாகத்தான் இருந்தது. தொழிலாளர் குடியிருப்புகளின் நாற்றத்தையும் நோயையும் சீர்திருத்தவாதி எட்வின் சாட்விக் 1842இல் அறிக்கையாக வெளியிட்டார். 1848இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. அதை எதிர்த்தவர்கள் கையில் எடுத்த ஆயுதமும் சுதந்திரம்தான். என் வீட்டுச் சாக்கடை எப்படி ஓட வேண்டும் என்று லண்டனிலிருந்து ஓர் அதிகாரி சொல்வதா என்று கேட்டார்கள். வரி கட்டியவர்களுக்கே உள்ளூர் வாக்கு என்றிருந்த காலம் அது. வாக்குள்ளவர்களில் பலருக்குக் கிணறோ குழாயோ ஏற்கெனவே இருந்தது. இல்லாதவர்களுக்கு வாக்கு இல்லை. 1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது, சாவுகள் ஓர் அடிபம்பைச் சுற்றியே குவிந்திருப்பதை ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் காட்டினார். அந்தப் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. ஆனால் நாடாளுமன்றத்துக்கு உறைத்தது 1858 கோடையில், தேம்ஸ் ஆற்றின் நாற்றம் அவர்களுடைய ஜன்னலுக்குள்ளேயே நுழைந்த பிறகுதான். ஆள்பவர் மூக்கை எட்டினால் வேலை நடக்கும் என்பது எல்லா ஊருக்கும் பொது போலும்.

தாராளவாதத்தின் பெரிய ஆசான் என்று கொண்டாடப்படும் ஜான் ஸ்டூவர்ட் மில், தண்ணீர் விஷயத்தில் சந்தையை நம்பவில்லை என்பது பலரும் கவனிக்காமல் விடும் செய்தி. ஒரே தெருவில் நான்கு நிறுவனங்கள் நான்கு குழாய் பதிப்பது வீண். ஆகவே இயல்பாகவே அங்கே போட்டி இருக்காது, ஏகபோகம்தான் இருக்கும். அந்த ஏகபோகம் பொதுமக்களுக்குப் பதில் சொல்லும் கையில் இருப்பதே முறை என்ற போக்கில் அவர் வாதிட்டார். ஜோசப் சேம்பர்லின் மேயராக இருந்த 1870களில் பர்மிங்காம் நகரம் தனியார் தண்ணீர் நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. லண்டனில் எட்டு நிறுவனங்களிடமிருந்து தண்ணீரை ஒரு பொது வாரியம் எடுத்துக்கொள்ள 1902இன் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதில் நமக்கு ஒரு தொடர்பு உண்டு. மில் 1823 முதல் 1858 வரை சம்பளம் வாங்கியது கிழக்கிந்தியக் கம்பெனியிடம். அதே கம்பெனிதான் 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலத்தைப் பெற்று இங்கே வரி வசூலித்தது. லண்டனில் தண்ணீருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஆட்சி வேண்டும் என்று எழுதியவருக்கு, வாக்கே இல்லாத நம் தெருக்களைப் பொறுத்தவரை அந்த அவசரம் இருக்கவில்லை. மில்லை நான் விரும்பிப் படித்திருக்கிறேன். இருந்தாலும் இந்த இடத்தில் அவரை மன்னிக்க மனம் வருவதில்லை.

சேலத்துக்கு 1866இல் நகராட்சி வந்தது. உள்ளாட்சியில் இந்தியர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு அமர வேண்டும் என்ற ரிப்பன் பிரபுவின் தீர்மானம் 1882இல் வந்தது. அதே ஆண்டுதான் சேலத்தில் பெரும் கலவரம் நடந்தது. வழக்கறிஞர் சி. விஜயராகவாச்சாரியார் அதில் சிக்கவைக்கப்பட்டுத் தண்டனை பெற்று, பின்னர் மேல்முறையீட்டில் விடுதலையானார். பின்னாளில் 1920இல் நாகபுரி காங்கிரஸுக்குத் தலைமை தாங்கிய அவரைத் தனிமனித உரிமைக்காக நீதிமன்றத்தில் நின்றவராகவே நான் முதலில் நினைக்கிறேன். அந்தக் காலத்து நகராட்சி மன்றம், வரி கட்டும் சிறு கூட்டத்தின் மன்றம். நகருக்குத் தண்ணீர் தர 1911இல் பனமரத்துப்பட்டி ஏரி அமைந்தபோதும், குழாய் எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்பதை அந்தக் கூட்டத்தின் கண்கொண்டே பார்த்திருப்பார்கள்.

1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்தவர் சி. ராஜகோபாலாச்சாரி. அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடும் ஒரு நிகழ்ச்சி எனக்கு எப்போதும் எங்கள் தெருமுனைச் சாவியை நினைவூட்டும். அக்கிரகாரப் பகுதியில் தண்ணீர் திறந்துவிடும் வேலைக்கு, அன்று பஞ்சமர் என்று அழைக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த நகராட்சி ஊழியர் ஒருவரை அவர் அமர்த்தினார். எதிர்ப்பு எழுந்தது, அவர் மாற்றிக்கொள்ளவில்லை. தண்ணீர் அதே ஏரியிலிருந்து, அதே குழாயில்தான் வந்தது. திறக்கும் கை மட்டுமே அவர்களுக்குத் தீட்டாகிவிட்டது. இதைவிடச் சுருக்கமாக நம் ஊரில் தாராளவாதம் எதனுடன் மோத வேண்டியிருந்தது என்பதை விளக்க முடியாது. மேற்கே அதன் எதிரி மன்னரும் திருச்சபையும் என்றால், இங்கே குடமும் கிணறும் வாளிக்கயிறும்.

அதன் பிறகு நடந்தவை வேகமானவை. பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் குளங்களையும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் பயன்படுத்தத் தடையில்லை என்று சென்னைச் சட்டமன்றம் 1924இல் தீர்மானித்தது. மகாராஷ்டிரத்தில், ஒடுக்கப்பட்டோர் நெருங்கக்கூடாதென்றிருந்த மகாடு நகரின் சவதார் குளத்தில் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அருந்தினார். அந்தக் குளம் பற்றிய வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முடிய 1937 ஆயிற்று. 1950இன் அரசியலமைப்பு, கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றில் சாதியின் பேரால் எவரையும் தடுக்கக்கூடாது என்று 15ஆம் பிரிவில் எழுதியது. உலகில் எத்தனை நாடுகளின் அடிப்படைச் சட்டத்துக்குள் கிணறு என்ற சொல் இருக்கும்? நமக்கு அது தேவைப்பட்டது.

ஆனால் அந்தப் பிரிவு சொல்வது தடுக்கக்கூடாது என்பதை மட்டுமே. கிணற்றில் தண்ணீர் இருக்க வேண்டும் என்றோ, குழாய் கடைக்கோடிக்கு வர வேண்டும் என்றோ அது சொல்லவில்லை. தாராளவாதத்தின் கை நீளம் பல காலம் இவ்வளவுதான். பிறர் குறுக்கே நிற்காமல் பார்த்துக்கொள்வதில் அது வல்லது. செலவு செய்து கொண்டுவந்து சேர்ப்பதில் தயங்கும். சேலத்தில் வால்வுக்காக உறுதியாக நின்ற அதே ராஜாஜிதான் 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, எல்லாவற்றிலும் அரசு கைவைப்பதை எதிர்த்தார். அவருடைய அச்சத்தை நான் எளிதில் தள்ளிவிடமாட்டேன். ஒவ்வொரு இணைப்புக்கும் அனுமதி, ஒவ்வொரு அனுமதிக்கும் ஒரு மேசை என்று வாழ்ந்தவனுக்கு அந்த அச்சத்தின் நியாயம் தெரியும். இருப்பினும், கடைக்கோடி வரை குழாய் பதிக்க எந்தச் சந்தையும் தானாக எங்கள் தெருவைத் தேடி வந்ததில்லை. வந்தது லாரித் தண்ணீரும் கேன் தண்ணீரும்தான். 20 லிட்டர் கேன் 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் லிட்டருக்கு 1,500 ரூபாய் ஆகிறது. வீட்டு இணைப்பு வைத்திருப்பவர் ஒரு மாதம் முழுவதற்கும் கட்டுவதைப் போல் பல மடங்கு. இணைப்பு இல்லாத ஏழையே தண்ணீருக்கு அதிக விலை கொடுக்கிறார்.

இணைப்பு ஏன் இல்லை? சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் உறவில் ஒரு சித்திக்கு வீட்டுக் குழாய் வாங்கிக் கொடுக்க ஓர் உள்ளாட்சி அலுவலகத்துக்கு நடந்தேன். எந்த ஊர் என்பது இங்கே முக்கியமில்லை. மாதக் கட்டணம் எவ்வளவு என்று சித்தி கேட்டார். கேட்டதும் முகம் மலர்ந்தது. "அவ்ளோதானா தம்பி? பூ வாங்கற காசு." அதற்குப் பிறகுதான் வைப்புத் தொகை, சாலை வெட்டும் கட்டணம், பிளம்பர் கூலி, குழாய்ச் சாமான் என்று ஒவ்வொன்றாக வந்தன. கடைசியாக, வீட்டுவரி ரசீது யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வி. சித்தி இருந்தது புறம்போக்கில் கட்டிய வீடு, ரசீதே கிடையாது. நான்கு முறை நடந்துவிட்டு, ஐந்தாவது முறை வர மறுத்துவிட்டார். "பக்கத்து வீட்டுல புடிச்சுக்கறேன், மாசம் நூறு ரூவா குடுத்தா போதும்" என்றார். மாதக் கட்டணம் ஏழைக்கு எட்டும்படி இருக்கிறது என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த முதல் நாள் செலவையும் அந்த ரசீதையும் பற்றிப் பேசுவதே இல்லை.

உலக அளவில் இந்தப் பேச்சு தாமதமாகவே தொடங்கியது. தண்ணீர் ஒரு மனித உரிமை, அது போதுமானதாகவும் பாதுகாப்பானதாகவும் கட்டுபடியாகும் விலையிலும் இருக்க வேண்டும் என்று ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைக் குழு 2002இல் விளக்கமளித்தது. 2010 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபை குடிநீரையும் கழிப்பிட வசதியையும் மனித உரிமையாக ஏற்றபோது, ஆதரவாக 122 நாடுகள் வாக்களித்தன. எதிர்ப்பு இல்லை, ஆனால் 41 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. தாராள ஜனநாயகத்தின் தாயகங்கள் என்று சொல்லிக்கொள்ளும் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒதுங்கியவர்களில் அடக்கம், இந்தியா ஆதரித்தது. தென்னாப்பிரிக்கா இந்த உரிமையை 1996இலேயே தன் அரசியலமைப்பில் எழுதி, பின்னர் ஒரு குடும்பத்துக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்ற கொள்கையையும் கொண்டுவந்தது. சொவெட்டோவில் அந்த 6,000 தீர்ந்ததும் தண்ணீரை நிறுத்திவிடும் முன்பணம் கட்டும் மீட்டர்களை எதிர்த்து அங்குள்ள ஏழைகள் நீதிமன்றம் போனார்கள். 2009இல் உச்ச அரசியலமைப்பு நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. வழக்கில் தோற்றார்கள் என்றாலும், வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே அரசு தன் கொள்கையைச் சில இடங்களில் தளர்த்த வேண்டியதாயிற்று. பொலிவியாவின் கோச்சபாம்பாவில் 2000ஆம் ஆண்டு கட்டண உயர்வுக்கு எதிராக ஊரே தெருவில் இறங்கி, தனியார் ஒப்பந்தத்தை ரத்துசெய்ய வைத்தது.

நம் ஊரில் அந்த வேலையைச் செய்வது காலிக்குடம். பிளாஸ்டிக் குடங்களைச் சாலையின் குறுக்கே அடுக்கிவிட்டுப் பெண்கள் உட்காருவதும், பேருந்துகள் நிற்பதும், வட்டாட்சியரோ உதவிப் பொறியாளரோ வந்து "நாளைக்குள்ள வந்துடும்மா" என்பதும் தமிழ்நாட்டில் எழுதப்படாத ஒரு நடைமுறைச் சட்டம். படித்தவர்கள் இதை ஒழுங்கின்மை என்று முகம் சுளிப்பார்கள். எனக்கு அது, வாக்குச்சீட்டு தேர்தல் நாளைத் தாண்டியும் உயிரோடு இருப்பதன் அடையாளம். வரி கட்டியவர்க்கே வாக்கு என்றிருந்த நாளில் யார் எந்தச் சாலையை மறித்து என்ன பயன்? 1992இன் 74ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கு ஐந்தாண்டுக்கொருமுறை தேர்தலைக் கட்டாயமாக்கி, குடிநீரையும் துப்புரவையும் அவை ஆற்றக்கூடிய பணிகளின் பட்டியலில் வைத்தது. ஆயினும் தமிழ்நாட்டு நகரங்களில் 2016இல் மன்றங்களின் காலம் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரி வரை தேர்தல் நடக்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்கள்தான் நிர்வாகம். அந்த இடைவெளியில் ஒருநாள் அம்மாபேட்டைக்குப் போயிருந்தேன். தண்ணீர் முறையாக வருகிறதா என்று பழைய பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். "வருது, வராம போகுது. முன்ன கவுன்சிலர் வீட்டுத் திண்ணையில போய் உக்காந்துக்குவோம். இப்ப திண்ணையே இல்லீங்க தம்பி" என்றார். திண்ணை இருந்த காலத்திலும் அந்தக் கவுன்சிலர் பெரிதாக ஒன்றும் கிழித்துவிடவில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் உட்கார ஓர் இடம் இருந்தது.

கழிப்பிடத்தைப் பற்றிப் பேசும்போது இதே கதை இன்னும் கசப்பாகிறது. பழைய சேலத்தின் பல வீடுகளுக்குப் பின்னால் ஓர் ஆள் மட்டும் நுழையும் சந்து உண்டு. எடுப்புக் கக்கூஸ் காலத்தில் அந்தச் சந்து வழியாகத்தான் மலம் அள்ளுபவர்கள் வந்துபோனார்கள். முன்வாசலில் வால்வைத் திறந்தால் தீட்டாகும் கை, பின்சந்தில் வந்து பீயை அள்ளலாம்; அதற்கு எதிர்ப்பு எழுந்ததாக எந்த வரலாற்றிலும் இல்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993இலும் 2013இலும் சட்டங்கள் வந்தன. பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீட்டை உயர்த்தவேண்டி வருகிறது என்றால் சாவு நிற்கவில்லை என்றுதானே பொருள். கட்டுபடியாகும் துப்புரவு என்று நாம் சொல்லும்போது, அந்தக் குறைந்த செலவை யார் தம் உடம்பால் ஈடுகட்டுகிறார் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அள்ளியதெல்லாம் எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமானால், சேர்வராயன் மலையில் ஊற்றாகப் பிறந்து சேலத்துக்குள் சாக்கடையும் சாயமுமாக ஓடும் திருமணிமுத்தாற்றங்கரையில் ஐந்து நிமிடம் நின்று பார்க்கலாம். அதற்கு மேல் நிற்க முடியாது.

அந்த ஆற்றின் பிறப்பிடம் பக்கம் போன கோடையில் சென்றேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, ஏற்காட்டின் ஏரியையும் படகுகளையும் தாண்டி, காப்பித் தோட்டங்களுக்கு அப்பாலுள்ள ஒரு மலையாளிப் பழங்குடிச் சிற்றூர் (கேரளத்தவர் அல்ல, இந்த மலைவாழ் மக்களின் பெயரே மலையாளி). மழைக்காலத்தில் இந்த மலை நனைந்து கிடக்கும். பெய்ததெல்லாம் பாறையில் வழிந்து கீழே ஓடிவிடுவதால் கோடையில் ஊற்றுகள் சுருங்கிவிடுகின்றன. தோட்டத் தொழிலாளருக்குக் குடிநீரும் கழிப்பிடமும் தருவது முதலாளியின் கடமை என்று 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் எழுதியது. ஆனால் தோட்டத்துக்கு வெளியே சொந்தக் குடிசையில் இருப்பவருக்கு அந்தச் சட்டத்தால் பயன் இருந்ததில்லை. 2019இல் வந்த ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்றது. அந்த ஊரில் வீட்டு வாசல்களில் குழாய் முளைத்திருந்தது. கழிப்பறைகளும் இருந்தன. நான் எட்டிப் பார்த்த மூன்றில் ஒன்றில் விறகு, ஒன்றில் காப்பிக்கொட்டைச் சாக்கு. வெளிக்குப் போய்வந்தால் ஒவ்வொரு முறையும் அரை வாளி ஊற்ற வேண்டும். ஊற்றுக்கு இறங்கி ஏறுகிறவள் அந்த அரை வாளியை எங்கே ஊற்றுவாள்? விறகு வைத்த வீட்டுக்காரப் பெண் கூச்சப்படாமல் சொன்னார்: "தண்ணி தெனமும் வந்தா வெறகை எடுத்துருவேன் சார்."

ஊருக்கு மேலே மேல்நிலைத் தொட்டி. அதன் தூணில் நீலப் பெயிண்டில் ஒரு கட்டம்: தொட்டி சுத்தம் செய்த நாள், அடுத்துச் சுத்தம் செய்யும் நாள். தேதிகள் சாக்பீஸில் எழுதப்பட்டிருந்தன. அங்கே தொட்டி இயக்குபவர், அந்த ஊர்ப் பையன்தான், மோட்டாரைப் போட்டுவிட்டு வால்வுப் பக்கம் உட்கார்ந்திருந்தார். குடத்தோடு வந்த ஒரு பாட்டி என்னைப் பார்த்து, கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னார். படித்தேன். பாட்டி அந்தப் பக்கம் திரும்பினார்.

"ஏன் சாமி, போன மாசத் தேதியே நிக்குதாமே?"

"நாளைக்குக் கழுவிடறேன் பாட்டி."

"நாளைக்கு நான் இந்த மாதிரி படிக்கத் தெரிஞ்ச ஆளுக்கு எங்க போவேன்? இன்னிக்கே ஏறு."

அவர் சிரித்துக்கொண்டே மோட்டாரை நிறுத்தினார். பிளீச்சிங் பவுடர் பொட்டலத்தையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு இரும்பு ஏணியில் கால் வைத்தார். பாட்டி குடத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.